ஆளுக்கு இரண்டு மாத்திரை

போன கிழமை அப்புத்தளையில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பனி இறங்கி எதிர்க்கடையையே விழுங்கியிருந்தது. பஸ் வருகிற மாதிரித் தெரியவில்லை என்று ஒரு தேநீர்க்கடைக்குள் ஒதுங்கினேன். சுவரில் டிவி. நன்றாகச் சவரம் செய்த முகம், கழுத்தில் டை, பக்கத்தில் மூடி போட்ட தண்ணீர்க் கிளாஸ், இப்படி ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். கீழே தமிழில் எழுத்து ஓடியது. புதிய பொருளாதாரத் தடைகள் ஆட்சியாளர்களை மட்டுமே குறிவைக்கின்றனவாம். பொதுமக்கள்மீது அவருக்கு எந்தக் கோபமும் இல்லையாம். உணவுக்கும் மருந்துக்கும் தடையே கிடையாதாம்.

சரியாக அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேசையில் ஒரு தாய் விட்டமின் பி போத்தலைத் திறந்து பிள்ளையின் உள்ளங்கையில் ஒரு மாத்திரையை வைத்தார். அந்த வாடை உங்களுக்குத் தெரியும்தானே? நனைந்த சாக்கும் புளித்த மாவும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை. டையும் வாடையும் ஒன்றாக வந்ததில் வாயில் இருந்த தேநீர் உள்ளே இறங்க மறுத்துவிட்டது. வாசலுக்குப் போய்த் துப்பினேன்.

"ஏன் தம்பி, பால் திரிஞ்சிருச்சா?" என்றார் கடைக்காரர்.

"பால் நல்லாத்தான் இருக்குண்ணே. நியூஸ்தான் திரிஞ்சிருச்சு."

அவர் சிரித்துவிட்டு அலைவரிசையை மாற்றினார். ஒரு பாட்டு வந்தது. எனக்கு மட்டும் அந்த வாடை போகவில்லை. ஒரு காலத்தில் மாதக்கணக்கில் அந்த வாடைக்குள்ளேயே நின்று வேலை செய்தவன் நான்.

உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் கூப்பிடும்வரை காத்திருக்கும் காலத்தை இந்த நாட்டில் ஒரு தனி வயதாகவே எண்ணவேண்டும். பையனும் இல்லை, ஆளும் இல்லை. ஹாலிஎலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பிராக்கள் கொண்ட லயம் எங்களுடையது. அம்மா கொழுந்து எடுப்பவர். வீட்டில் உட்கார்ந்து செய்தி வாசித்து உலகத்தைத் திருத்திக்கொண்டிருந்த என்னைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பார்மசியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். முதலாளியை ஊரே நானா என்று கூப்பிடும். மெலிந்த மனிதர். யாருக்கு மருந்து கொடுத்தாலும் "அல்லாஹ் சுகத்தத் தருவான், நீங்க மாத்திரைய நேரத்துக்குப் போடுங்க" என்பார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்.

தோட்டத்து ஆட்கள் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டு நான் பார்த்ததில்லை. "நடுவுல கோடு போட்ட வெள்ளை", "மஞ்சக் குண்டு", "போட்டா தூக்கம் வருமே அது". நானா தலையை ஆட்டிவிட்டு நேராக அந்த லாச்சியை இழுப்பார். எனக்கோ இங்கிலீசில் பெயரைப் படிக்காமல் கை நகராது. மூன்றாவது நாளே நான் ஏதோ டாக்டர் மாதிரி "இதை உணவுக்குப் பின்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ஒரு பாட்டையா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சோறு இருந்தா சாப்புட்டுட்டுப் போடுறேன் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பர்ஹாத் அந்தக் கடைக்கு வந்தது ஒரு மழை நாளில். மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுபோகும் சுரங்க வேலைக்கு ஈரானிலிருந்து மெக்கானிக்குகள் வந்திருந்த காலம் அது. எங்கள் ஊரில் அவர்களை "சொரங்கத்துக்காரங்க" என்பார்கள். பர்ஹாத் அதில் ஒருவர். அகலமான ஆள், நகங்களில் கிரீஸ். பதுளையில் ஒரு டாக்டரிடம் எழுதி வாங்கிய சீட்டை மேசையில் வைத்து, உடைந்த இங்கிலீசில் மருந்து தனக்கல்ல என்றார். போனை எடுத்துப் படம் காட்டினார். முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சின்னப் பெண், தன் முகத்தைவிடப் பெரிய தர்ப்பூசணித் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பெயர் நீலூஃபர். வலிப்பு நோய். அங்கே அவள் போட்டுக்கொண்டிருந்த வெளிநாட்டு மாத்திரை கடைகளிலிருந்து மெல்ல மெல்ல மறைந்துவிட்டதாம். உள்ளூரில் செய்ததைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மாத்திரையும் போடுகிறாள், விழவும் விழுகிறாள்.

"ஏன், மருந்தையும் தடை பண்ணிட்டாங்களா?" என்று கேட்டேன். இங்கிலீஷ் பேச ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம் எனக்கு.

மருந்துக்குத் தடையில்லை என்றார் பர்ஹாத். பணத்தை எந்த பேங்கும் வாங்க மாட்டேன் என்கிறது. கப்பல்காரன் ஏற்ற மாட்டேன் என்கிறான். இன்சூரன்ஸ்காரன் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான். ஒவ்வொருவராக விரலை மடக்கிச் சொன்னார். கடைசியில் கை முஷ்டியாகிவிட்டது. அந்த முஷ்டியைப் பார்த்துவிட்டு அவரே சங்கடப்பட்டுக் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து மாதாமாதம் வருவார். லீவில் ஊருக்குப் போகும் கூட்டாளி ஒருத்தர் கையில் மருந்துப் பெட்டி போகும். நானா அவருக்குப் பால் விடாத பிளேன்டீ போட்டுக் கொடுப்பார். பர்ஹாத் சீனியைத் தேநீரில் போடாமல் ஒரு கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு உறிஞ்சுவார். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் லயத்தில் எல்லோரும் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு அப்படித்தானே குடிக்கிறோம். அம்மாவிடம் சொன்னேன். "அப்ப நம்ம ஆளுதான்" என்று தீர்ப்பு வந்தது. அதற்கப்புறம் அந்தப் பிள்ளை எங்கள் வீட்டுப் பேச்சில் ஒரு சொந்தக்காரப் பிள்ளை ஆகிவிட்டாள். அர்ச்சனை வைக்க நட்சத்திரம் கேட்டுவரச் சொன்னார் அம்மா. பர்ஹாத்துக்கு அதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா தாமே கார்த்திகை என்று வைத்துக்கொண்டார்.

இதே காலத்தில்தான் தோட்டத்தில் வேலை நாள் குறைந்தது. காலையில் பெரட்டுக் களத்தில், அதாவது அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இடத்தில், கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாராம்: "இந்தக் கிழமை பாதி நாளுதான் வேல. ஏலத்துல வெல விழுந்திருச்சி. ஈரான்னு ஒரு நாட்டுல தேயில எடுத்தா காசு அனுப்ப ஏலாதாம். தடையாம்."

அம்மா வீட்டுக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். "அந்த நாட்டு சனங்க என்னா செஞ்சாங்களாம்?"

நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். வல்லரசு, அணு உலை, ஒப்பந்தம். அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஓ, பைப்ப மூடுற கதையா" என்றார்.

இதை உங்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். முன்பு எங்கள் தோட்டத்தை நிர்வகித்த ஒரு துரை இருந்தார். ஒரு லயத்தில் எவனாவது அவரோடு முறைத்துக்கொண்டால் அந்த லயம் முழுவதற்கும் தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிடுவார். முறைத்தவன் ஒருத்தன், குடத்தோடு ஓடை வரைக்கும் இறங்கி ஏறுவது அத்தனை பெண்களும். கேட்டால், "உங்க மேல எனக்குக் கோவமே இல்ல, அவன்கிட்டச் சொல்லி மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க" என்பாராம் துரை, நல்ல மரியாதையாக. முறைத்தவன் ஒருபோதும் தண்ணீர் தூக்கவில்லை, அவன் பெண்டாட்டிதான் தூக்கினாள் என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். நான் ஒரு மாதமாகப் படித்துக் கிழித்ததெல்லாம் ஒரு வாக்கியத்தில் முடிந்துபோனது.

அப்புறம்தான் ரெப் வந்தார்.

மருந்துக் கம்பெனிகளின் ரெப்களை உங்களுக்குத் தெரியும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கடைக்குள் வருமுன்பே வந்துவிடும் சென்ட் வாசம், ஆளுக்கொரு இனாம் பேனா. கொழும்பு ஏஜென்டின் ரெப் ஒருவர் எங்களுக்கு அந்த மாத்திரையைக் கொண்டுவந்தவர். பதுளையிலும் பண்டாரவளையிலும் வேறு யாரிடமும் அது கிடையாது. "என்ன நானா, இந்த ஐட்டம் உங்க கடைல மட்டும் இப்புடி ஓடுது?" என்று சும்மாதான் கேட்டார். நானா பொய் பேசத் தெரியாதவர். ஓர் ஈரான்காரப் பிள்ளைக்குப் போகிறது என்றார். பாவம், அதில் பெருமை வேறு.

அடுத்த மாதம் அந்த மாத்திரை வரவில்லை. கேட்டதற்கு ரெப் போனில் சொன்னார், இனி எங்கள் கடைக்கு அது வராது.

போனை நானாவின் கையிலிருந்து நான் வாங்கினேன். இந்த நாளுக்காகத்தான் பிறந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். தடைச் சட்டத்தில் மருந்துக்கு விலக்கு இருக்கிறது என்று சொல்லும் பக்கத்தை என் போனில் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தேன். நிறுத்தி நிதானமாக, பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி மாதிரி, இங்கிலீசில் முழுவதையும் வாசித்தேன். நானா கண்ணை அகல விரித்துக்கொண்டு நின்றார். ரெப் குறுக்கிடாமல் கேட்டார்.

"நல்லா வாசிக்கிறீங்க தம்பி," என்றார் கடைசியில். "அது சட்டத்துல இருக்கு. எங்களுக்கு மருந்து தார கம்பெனிக்கிட்ட இல்ல. அவங்களோட பேங்க்ல இல்ல. நாளைக்கு யாராவது கேட்டா எங்க ஏஜென்ஸியே போயிரும்."

"யாரு கேக்கப் போறா? பதுளையில ஒரு மருந்துக்கடை."

"யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா கேட்டா?"

அந்த இடத்தில் எனக்கு ஒரு கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குரலில் கெட்ட எண்ணமே இல்லை. "நாங்க தடை பண்ணல தம்பி, ரிஸ்க் எடுக்கல, அவ்வளவுதான்" என்றார். எங்கேயோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் ஒருவன் பயப்படுகிறான். அவனுக்குப் பயந்து இன்னொருவன், இன்னொருவனுக்குப் பயந்து கொழும்பில் ஒருவன். அந்தப் பயம் மலையேறி வந்து எங்கள் லாச்சியைப் பூட்டுகிறது. இத்தனை பேரில் ஒருத்தனும் ஒரு பிள்ளைக்கும் தீங்கு நினைக்கவில்லை. எல்லோருடைய கையும் மணக்க மணக்கச் சுத்தம்.

பர்ஹாத்திடம் நானாதான் சொன்னார். "மகன், நீ இங்கிலீசுல சொல்லு" என்று முதலில் என்னைத் தள்ளிவிட்டு, நான் வாயைத் திறக்குமுன் தாமே "நோ ஸ்டாக். சொரி. சொரி" என்றார். பர்ஹாத்தின் கூட்டாளி வருகிற ஞாயிறு லீவில் போகிறார், அதற்குள் வேறு ஊரில் தேட நாளில்லை. வீட்டில் மீதி இருப்பது சில நாளைக்குத்தான் வரும். அவர் பிளேன்டீயைத் தொடாமலே போனார்.

அம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் வாய் நிற்குமா?

கொழுந்து எடுக்கும் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நிரையில், அதாவது தேயிலைச் செடி வரிசையில், ஒருத்திக்கு உடம்புக்கு முடியவில்லை, பிள்ளை பெற்று இப்போதுதான் வேலைக்கு வந்திருக்கிறாள், அன்றைக்கு எடுக்கவேண்டிய கிலோ அவளால் ஏலாது என்று வைத்துக்கொள்ளுங்கள். தராசுக்குப் போகுமுன் பக்கத்து நிரைக்காரிகள் ஆளுக்கு ஒரு பிடி கொழுந்தை அள்ளி அவள் கூடையில் போடுவார்கள். யாரும் எதுவும் பேசுவதில்லை. அவளுக்கும் முழுநாள் பேர் விழுந்து முழுச் சம்பளம் கிடைத்துவிடும். கூடைக்குள் போன கொழுந்தில் யார் பிடி எது என்று யாருக்குத் தெரியும்?

அம்மா அதைத்தான் செய்தார். பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்கில் வலிப்புக்கு மாத்திரை எடுப்பவர்கள் எங்கள் டிவிசனிலும் பக்கத்து டிவிசனிலுமாகக் கொஞ்சப் பேர் இருந்தார்கள். அம்மாவின் நிரையிலேயே பார்வதி அக்கா இருந்தார். வலிப்பு வந்து அடுப்பில் விழுந்து முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கிப்போனவர். அம்மா பெரட்டுக் களத்தில் ஒரு வார்த்தை சொன்னார்: ஆளுக்கு ரெண்டு மாத்திரை.

சனிக்கிழமை கடைக்கு ஒரு ஜாம் போத்தலோடு வந்து நின்றார். கழுவி வெயிலில் காயவைத்த போத்தல். உள்ளே இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை மாத்திரைகள்.

நானா போத்தலைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "என்ன இது?"

"கிளினிக் மாத்திர நானா. அந்தப் புள்ளைக்கு."

"அவங்களுக்கு வலிப்பு வந்தா யாரு பொறுப்பு?"

"ரெண்டு மாத்திரைக்கு ஒண்ணும் ஆவாது. பார்வதிதான் கேக்காம கூடப் போட்டுட்டா. நான் வையத்தான் வைஞ்சேன். 'எனக்கு விழுந்து பழக்கம், அது சின்னப் புள்ள'ங்குறா."

நானா ஒரு மாத்திரையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதே மருந்து, வேறு கம்பெனி. அளவும் அதுதான். ஆனால் கிளினிக்கில் உதிரியாகக் கொடுப்பதால் அட்டை இல்லை, பெட்டி இல்லை, பெயர் இல்லை. "அக்கா, இது கொழுந்து இல்ல," என்றார் மெதுவாக. "பேர் இல்லாத மாத்திரைய ஏர்போட்டுல விடுவானா? நான் விக்காத சாமானுக்கு பில் எப்புடி எழுதுற?"

"நீங்க பேர எழுதி ஒட்டிக் குடுங்க நானா. படிச்ச புள்ள ஒண்ணு பக்கத்துல நிக்குதே."

படித்த பிள்ளை நல்ல கையெழுத்தில் இங்கிலீசில் மருந்தின் பெயரை எழுதி ஒட்டினேன். எங்கள் யாருக்கும் வேறு வழி தெரியவில்லை. பர்ஹாத் வந்து போத்தலை வாங்கினார். இது எங்கிருந்து வந்தது என்று நான் சொன்னபோது அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மூடியைத் திறந்து, ஏதோ மணப்பதுபோல் குனிந்தார். பிறகு அம்மாவைப் பார்த்து நெஞ்சில் கையை வைத்தார். அம்மா வெட்கப்பட்டு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "பஸ் போயிரப் போவுது" என்று வெளியே போய்விட்டார்.

போத்தல் பாதி வழிதான் போனது என்று பிறகு பர்ஹாத் போனில் சொன்னார். விமானம் மாறும் ஊரில் சோதித்திருக்கிறார்கள். கையால் எழுதிய பெயர், பெட்டி இல்லை, பில் இல்லை, ஒன்றுக்கொன்று சற்றே நிறம் மாறிய வெள்ளை மாத்திரைகள். கூட்டாளி என்னென்னவோ சொல்லியிருக்கிறார். கையுறை போட்ட ஒருத்தி மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மூடியைத் திறந்து, குப்பைத்தொட்டியில் கவிழ்த்தாளாம். போத்தலைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அது தடைசெய்யப்பட்ட பொருள் இல்லையே.

நினைக்க நினைக்க எனக்கு இன்றைக்கும் வெறுப்பு வருகிறது. அந்தப் பெண்மேல் அல்ல. அவளும் சட்டப்படி நடந்தவள்தான். இந்தக் கதையில் சட்டப்படி நடக்காதவர்கள் எங்கள் தோட்டத்துப் பெண்கள் மட்டும்தான்.

பர்ஹாத் அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை கடைக்கு வந்தார். இரண்டு மாதம் கழித்து இருக்கும். சீட்டு எதுவும் கொண்டுவரவில்லை. தலைவலி மாத்திரை வேண்டும் என்றார், தனக்கு. நானா எடுத்துக் கொடுத்துவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று கையைப் பிசைந்துகொண்டு நின்று, கடைசியில் "பேபி?" என்றார்.

சுரங்கத்தில் நம் பையன்களோடு வேலை செய்து அவர் பொறுக்கிய தமிழ்ச் சொற்கள் நாலைந்து இருந்தன. துளை போடும் மெசினின் பல் உடைந்தால், கரண்ட் நின்றால், லாரி சேற்றில் இறங்கினால் அந்தப் பையன்கள் சொல்லும் சொல். அதைத்தான் சொன்னார்.

"போச்சு."

நானா மேசையைச் சுற்றி வந்து அவர் தோளில் கையை வைத்தார். நான் எதையோ அடுக்குவதுபோல் திரும்பிக்கொண்டேன்.  

இப்போது அந்தச் சுரங்கத்துக்காரர்களின் முகாம் இருந்த இடத்தில் இலுக்குப்புல் ஆளுயரம் நிற்கிறது. பர்ஹாத்தின் நம்பர் எப்போதோ அடங்கிவிட்டது. நானா கடையை விற்றுவிட்டு மகளோடு மாவனெல்லைக்குப் போய்விட்டார். அந்தக் கடையில் இப்போது போன் கவர்கள் தொங்குகின்றன. ரெப்பை ஒரு கல்யாண வீட்டில் கண்டேன். பதவி உயர்ந்து கொழும்பிலேயே இருக்கிறாராம். என்னை அடையாளம் தெரியவில்லை. பேனா கொடுத்தார்.

நீலூஃபர் போன செய்தி தெரிந்த அந்தக் கிழமை நான் தோட்டத்துப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தேன். பார்வதி அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு எனக்காகவே நின்றிருந்தார். அம்மா சொல்லியிருக்கவேண்டும். மாத்திரை போய்ச் சேரவே இல்லை என்பதை மட்டும் அம்மா சொல்லவில்லை போலும்.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு," என்றார். சுருங்கிய கையை மற்றக் கையால் தடவிக்கொண்டிருந்தார். "நான் குடுத்தது போன மாசத்துது. அடுப்புக்கு மேல வச்சிருந்தேன். சூடு பட்டுப் பழுதாயிருக்குமோ? அதுனாலதான் அந்தப் புள்ளைக்கு…"

இல்லை அக்கா, உங்கள் மாத்திரை நல்ல மாத்திரை, அது போய்ச் சேரவில்லை என்றேன். இரண்டு மூன்று தடவை சொன்னேன். தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. கூடையைத் தூக்கி நெற்றியில் கயிற்றை மாட்டிக்கொண்டு மேலே ஏறிப் போனார்.

பேங்கிலும் கப்பலிலும் கண்ணாடிக் கட்டடத்திலும் இருந்த எவனும் கேட்காத கேள்வி அது. கேட்ட ஒரே ஆளான பார்வதி அக்காவும் போன வருஷம் மகனோடு வத்தளைப் பக்கம் போய்விட்டார். அவர் இருந்த லயத்துக் காம்பிராவில் இப்போது ஆளில்லை.